ஒட்டுப்போட்ட கட்டை

1994 மார்ச் 12, சனிக்கிழமை, காலை ஒன்பதே கால். இந்தியானாவில், எங்கள் ஊர்த் துப்பாக்கிச் சந்தையில், கடை போட்டிருந்த டோரீன் கிளாப்ரிச், கார்பைன் என்ற இலேசான இராணுவத் துப்பாக்கி ஒன்றின் மரக்கட்டையை மூக்கருகே வைத்து முகர்ந்துகொண்டிருந்தார். "ஆளிவிதை எண்ணெய். அசல் பட்டாளத்து வாசனை," என்றார் என்னைப் பாராமலே. நான் இன்னும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

இன்றும் அவர் விற்பது அந்த ஒரு துப்பாக்கிக்கான உதிரிகளை மட்டுமே. அதன் சரித்திரத்தை வீட்டுப் பிள்ளையின் கதைபோலச் சொல்வார். "பெரிய துப்பாக்கியத் தூக்க முடியாத டிரைவருக்கும் சமையல்காரனுக்கும் செஞ்சதுப்பா இது. அஞ்சரை பவுண்டுகூட வராது. அப்புறம் பாராசூட்காரன் கட்டை மடங்கணும்னான். இன்னொருத்தன் சடசடன்னு சுடணும்னான். வேறொருத்தன் இருட்டுலயும் கண்ணு தெரியணும்னான். எல்லாத்தையும் மாட்டி மாட்டி, கடைசில என்னை மாதிரியே எடை போட்டுடுச்சு!"

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் தட்டச்சுப்பொறி செய்தவர்களும் பாட்டுப்பெட்டி செய்தவர்களும் இதைச் செய்தார்கள். பின்னர்ப் பழுதுபார்த்த இராணுவம் எல்லாப் பாகங்களையும் கலந்து பூட்டிவிட்டது. சேகரிப்பாளர்களோ அவற்றைப் பிரித்து, ஒரே நிறுவனத்தின் முத்திரைகளாகத் தேடிப் பொருத்தி, அதைச் 'சரியான' துப்பாக்கி என்கிறார்கள். டோரீனுக்கு அந்தச் சொல்லே ஆகாது.

பக்கத்துத் தெரு லைல் ஆஸ்டர்கார்டும் தந்தையின் கார்பைனை அப்படித்தான் சரியாக்கினான். முத்திரை பொருந்தாத பழைய கட்டையை டோரீனிடமே விற்றான். தந்தை எம்மெட்டுக்கு அப்போது பார்வை போயிருந்தது. மகன் ஆசையாகக் கையில் கொடுத்த துப்பாக்கியைக் கன்னத்தில் வைத்தவர், "எவனோடதுடா இது? என்னோடத என்ன பண்ணின?" என்று கேட்டு, அதன்பின் மகனோடு பேசவில்லை. கன்னம் படும் இடத்தில் பழைய கட்டையில் ஒரு மரஒட்டு இருந்தது. அவர் கன்னத்துக்கும் விரலுக்கும் தெரிந்த அடையாளம் அதுதான்.

அடுத்த சந்தையில் லைல் வந்து நின்றான். "அந்தக் கட்டைய யாருக்கு வித்தீங்க அக்கா? அப்பா படுத்த படுக்கையா இருக்காரு."

"விக்கலடா, முட்டாள்." டோரீன் கடைச் சுவரில் மாட்டியிருந்த தம் சொந்தக் கார்பைனை இறக்கினார், இரும்புப் பட்டையைத் தளர்த்தி, அதில் தாம் பூட்டி வைத்திருந்த எம்மெட்டின் கட்டையைக் கழற்றினார். "இந்தா. ஓடு."

"என்கிட்ட இருக்கிற கட்டைய வர்ற சனிக்கிழமை கொண்டாந்து தந்துடறேன்க்கா."

"முதல்ல அப்பா கையில குடு."

எம்மெட் ஒட்டைத் தடவிப் பார்த்து, மகனைப் பெயர் சொல்லி அழைத்தார். அந்த வாரமே இறந்தும் போனார். துக்கத்தில் லைல் தன் வாக்கை மறந்தான்.

டோரீனின் கார்பைன் இன்றும் கட்டையில்லாமல் வெறும் இரும்பாகச் சுவரில் தொங்குகிறது. கூட்டத்தில் லைலின் தொப்பி தெரிந்தால், அது அவன் கண்ணில் படாமலிருக்க, அவர் எழுந்து தம் மேலங்கியைக் கழற்றி அதன்மேல் மாட்டிவிடுவார்.