சின்னவளின் பல் நிறத்தில் ஒரு நூல்

பெரியவளுக்குத் தையல் தெரியும் என்று சொன்னால், அது குறைத்துச் சொல்வது. ஆள் கடைக்குள் வந்து நிற்கிற நிற்பிலேயே எந்தத் தோள் இறங்கியிருக்கிறது என்று பார்த்துவிடுவாள். அந்த இறக்கம் வெளியே தெரியாதபடி கோட்டும் தைத்துக் கொடுத்துவிடுவாள். போட்டுக்கொண்டு போகிறவருக்குத் தன் தோள் கோணல் என்பதே மறந்துபோகும். அப்பேர்ப்பட்ட கை.

அவளிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம். தைத்து முடித்த நூலைக் கத்திரிக்கோலால் வெட்ட மாட்டாள். குனிந்து, முன்பல்லால் நறுக்கென்று கடித்து அறுப்பாள். கத்திரிக்கோல் மடியிலேயே கிடந்தாலும் வாய்தான் முந்தும். வருஷக்கணக்காக ஒரே இடத்தில் நூலை அறுத்ததில், மேல் முன்பல் இரண்டிலும் அரம் வைத்து ராவிய மாதிரி பள்ளம் விழுந்துவிட்டது. ஒருநாள் ஒரு பல் அந்தப் பள்ளத்தோடு உடைந்து கையில் வந்தது. பக்கத்துப் பல்லும் ஆட ஆரம்பித்து, வலி தாங்காமல் அதையும் பிடுங்கிப் போட வேண்டியதாயிற்று.

கடை ஓரகத்திகள் இரண்டு பேருக்கும் பொது. அண்ணன் பெண்டாட்டி பெரியவள், தம்பி பெண்டாட்டி சின்னவள். ஒரே வீட்டில் கீழும் மேலுமாகக் குடியிருந்தார்கள். கடையின் முன்பக்கம் கண்ணாடிக் கதவு, மேசை, ஆளுயர நிலைக்கண்ணாடி. நடுவில் ஒரு திரை. திரைக்குப் பின்னால் தையல் மெஷின்கள், இஸ்திரிப் பலகை, வெட்டுத்துணி மூட்டை. முன்னால் நின்று அளவெடுக்கிறவளைத்தான் வருகிறவர்கள் கடைக்காரி என்று நினைப்பார்கள். பின்னால் இருப்பவளைச் சம்பளத்துக்கு வந்தவள் என்று நினைப்பார்கள். உலகம் அப்படித்தான்.

பல் போகும்வரை முன்னால் நின்றது பெரியவள். போன பிறகு வாயைக் கையால் மூடிக்கொண்டு அளவு சொல்ல முடியுமா, ஒரு கையால் நாடா பிடிக்க முடியுமா? அவளே திரையை விலக்கிக்கொண்டு பின்னால் போய் உட்கார்ந்தாள். யாரும் போகச் சொல்லவில்லை. ஆனால் நாளாக நாளாக, சின்னவள் தள்ளித்தான் தான் போனதாக அவள் மனசில் பதிந்துவிட்டது. அதை அவளிடமிருந்து யாராலும் பிடுங்க முடியவில்லை.

இதற்குள் சின்னவள் பேருந்துப் படியில் தடுக்கி விழுந்து அவளுக்கும் முன்பல் போயிற்று. பெரியவளுக்கு உள்ளூர ஒரு நிம்மதி வந்தது என்பதை மறைப்பானேன். ஆனால் சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு உட்காரவில்லை. நேராகப் பல் டாக்டரம்மாவிடம் போனாள். கொஞ்ச நாளில், விழுந்த சுவடே தெரியாமல் முன்னால் வந்து நின்றாள்.

"பல்லு கட்டிட்டேன்க்கா" என்று மட்டும் சொன்னாள். எப்படிக் கட்டினாள், என்ன கட்டினாள் என்று பெரியவள் கேட்கவில்லை. கேட்டால் ஆசைப்படுவதாக நினைத்துவிடுவாளே.

அன்றிலிருந்து திரைக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டால் போதும், இந்தப் பக்கம் மெஷின் தாறுமாறாக ஓடும். "உங்க கை பட்டாலே துணிக்கு ஒரு களை வந்துடுது" என்று பள்ளிக்கூட டீச்சர் சின்னவளிடம் சொன்னாள். அந்தத் துணிக்குக் களை கொண்டுவந்த கை பின்னால் காலர் விறைப்பாக நிற்கக் கஞ்சித்துணி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தது. பெரியவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. தைக்கிறது நான், பேர் அவளுக்கா? எல்லாம் அந்தப் பல் பண்ணுகிற வேலை.

பெரியவள் ஒரு காரியம் செய்தாள். தையல்காரிக்குத்தான் அப்படித் தோன்றும். வெள்ளை என்றால் மற்றவர்களுக்கு ஒரே வெள்ளை. அவளிடம் ஒரு டப்பா நிறைய வெள்ளை இருந்தது. பால் வெள்ளை, சோற்று வெள்ளை, எலும்பு வெள்ளை, துவைத்துப் பழுத்த வெள்ளை என்று அவளே வைத்த பேர்கள். சின்னவள் யாரிடமாவது சிரித்துப் பேசும்போது திரை இடுக்கில் நின்று, நூல்கண்டுகளை ஒவ்வொன்றாகத் தன் கண்ணுக்கு நேரே பிடித்து, அவள் பல்லோடு ஒட்டிப் பார்ப்பாள். பகல் வெளிச்சத்தில் ஒருமுறை, குழல்விளக்கில் ஒருமுறை. கடைசியில் ஒன்று பொருந்தியது. அதில் ஒரு முழம் அறுத்து, விரலில் சுற்றிச் சுருட்டிப் பணப்பையில் வைத்துக்கொண்டாள்.

"இந்த வயசுல எதுக்கு இப்போ பல்லு?" என்றார் வீட்டுக்காரர்.

"உங்க தம்பி பொண்டாட்டி கட்டும்போது எதுக்குன்னு கேட்டீங்களா?"

"அது அவன் பாடு."

"இது என் பாடு" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

டாக்டரம்மா சின்னப் பெண். வாயைத் திறக்கச் சொல்லி, சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தாள். படம் எடுத்தாள். பிறகு நாற்காலியை நிமிர்த்திப் பொறுமையாக எடுத்துச் சொன்னாள். எலும்பில் திருகு இறக்கி அதன்மேல் பல் வைக்கலாம். ஆனால் பல் போய் வெகுகாலம் ஆனதில் எலும்பு மெலிந்திருக்கிறது, முதலில் எலும்பை வளர்க்க வேண்டும், மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும். இல்லை, இரண்டு பக்கமும் உள்ள பல்லைச் சுற்றிலும் ராவி, அவற்றின்மேல் உறை மாதிரி மாட்டி, நடுவில் இல்லாத பற்களையும் சேர்த்து ஒரே துண்டாக ஒட்டலாம். அதற்குப் பேர் பிரிட்ஜ். இரண்டும் வேண்டாம் என்றால், அண்ணத்தில் உட்கார்கிற தட்டோடு பல் செட். கழற்றிக் கழுவி மாட்டிக்கொள்ளலாம்.

"உங்களுக்கு இப்போதைக்கு அந்தக் கழற்றி மாட்டுறதே போதும்மா. பக்கத்துப் பல்லு ரெண்டும் நல்லா இருக்கு. அதை எதுக்கு ராவணும்?"

"கழற்றி மாட்டுறதா? நான் என்ன சாகக் கிடக்கிற கிழவியா? என் ஓரகத்திக்கு என்ன போட்டீங்களோ அதையே போடுங்க. அவளுக்கு அப்படியே முளைச்ச மாதிரி இருக்கு."

"மத்தவங்க வாய்க்குள்ள என்ன இருக்குன்னு நான் உங்ககிட்டச் சொல்ல முடியாதும்மா. உங்க வாய்க்குள்ள இருக்கிறதையும் அவங்ககிட்டச் சொல்ல மாட்டேன்."

"சொல்ல வேண்டாம். எனக்குக் கண்ணு இருக்கு. ஒட்டுங்க."

டாக்டரம்மா இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தாள். ராவின பல் ராவினதுதான், திரும்ப வளராது என்றாள். பெரியவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்து நிறம் பார்க்க வேண்டும் என்று மாதிரிப் பற்கள் வரிசையாகச் செருகிய ஒரு பட்டையை டாக்டரம்மா எடுத்தாள். பெரியவள் பணப்பையைத் திறந்து நூலை எடுத்து நீட்டினாள்.

"இந்த வெள்ளை."

டாக்டரம்மா நூலையும் பார்த்தாள், அவள் வாயையும் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இது உங்க மத்தப் பல்லோட சேராதேம்மா. வெள்ளையா ஒட்டுப் போட்ட மாதிரி தனியாத் தெரியும்" என்றாள்.

தையல்காரிக்குத் தெரியாதா? யாராவது பழைய துணியில் புதுத் துண்டு வைத்துத் தைத்தால் நாள் முழுக்கத் திட்டுகிறவள் அவள். ஆனாலும் சொன்னாள்: "தெரியட்டும். தெரியணும்னுதானே கட்டுறேன்."

மரத்துப்போக ஊசி போட்டு, நல்ல பல் இரண்டையும் ராவினார்கள். எரிந்த நகம் மாதிரி ஒரு வாடை. நாக்கால் தொட்டுப் பார்த்தபோது அவை குச்சி மாதிரி மெலிந்து நின்றன. பசை நிரப்பிய கிண்ணத்தைக் கடிக்கச் சொல்லி அச்சு எடுத்தார்கள். கொஞ்ச நாளைக்குத் தற்காலிகப் பல். பிறகு பீங்கான் பல் வந்தது, ஒட்டினார்கள்.

"நூல் கடிக்கக் கூடாது, ஊசி கடிக்கக் கூடாது" என்றாள் டாக்டரம்மா. "கத்திரிக்கோல் இருக்குல்ல?"

"கத்திரிக்கோலைத் தேடி எடுக்கிற நேரத்துல நான் ஒரு சட்டைக் கை தச்சுடுவேன்."

"அப்போ பல்லு தங்காது."

"சரி சரி, கடிக்கல."

மறுநாள் காலை வழியெல்லாம் சண்டைக்குத் தயார்செய்துகொண்டே கடைக்குப் போனாள். கடை முதலில் யார் கையில் இருந்தது, யார் முன்னால் நின்றது, யார் தயவில் யார் தையல் படித்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்பதாக இருந்தாள். "இனிமே முன்னால நான் நிக்கறேன்" என்று ஆரம்பித்தாள்.

"நில்லுங்கக்கா" என்றாள் சின்னவள். நாடாவை எடுத்துப் பெரியவள் கழுத்தில் போட்டுவிட்டுத் திரைக்குப் பின்னால் போய்விட்டாள்.

பெரியவளுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இவள் எதையோ மனசில் வைத்துக்கொண்டுதான் விட்டுக்கொடுக்கிறாள் என்று நினைத்தாள்.

முதலில் வந்தது டீச்சர். பெரியவள் வாய் நிறையச் சிரித்தாள்.

"அட, பல்லு கட்டியிருக்கீங்களா?" என்றாள் டீச்சர், உட்காரக்கூட இல்லை.

பெரியவள் சிரிப்பு பாதியில் நின்றது. இத்தனை நாளில் இந்த டீச்சர் சின்னவளைப் பார்த்து ஒருதரமாவது இப்படிக் கேட்டிருக்கிறாளா? திரைக்குப் பின்னால் எல்லாம் கேட்டுக்கொண்டுதானே இருந்தாள். இல்லை, கேட்டதே இல்லை. "கட்டினது அவ்வளவு தெரியுதா?" என்றாள்.

"பளிச்சுன்னு இருக்கேன்னு சொன்னேன்" என்று டீச்சர் மழுப்பினாள்.

பெரியவள் அவமானத்தை மறைக்க, டீச்சர் தைக்கக் கொடுத்திருந்த கோட்டை எடுத்துக்கொண்டாள். தளர்ந்திருந்த ஒரு பட்டனை ஊசி நூல் கோத்து அங்கேயே இறுக்கித் தைத்தாள். மனசு எங்கேயோ இருந்தது. கை தன் பாட்டுக்கு முடிச்சுப் போட்டது, தலை குனிந்தது, பல் நூலை நறுக்கென்று கடித்தது. கோட்டின் மேல் வெள்ளையாக ஏதோ ஒரு சில்லு விழுந்து உருண்டது.

"ஐயோ, பட்டன் உடைஞ்சிடுச்சா?" என்றாள் டீச்சர்.

பெரியவள் வாயைப் பொத்திக்கொண்டு திரைக்குள் ஓடினாள். எட்டிப் பார்த்த சின்னவள், "டீச்சர், நீங்க போங்க, சாயங்காலம் நானே கொண்டுவந்து குடுக்கறேன்" என்று அவளை அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். ஆனால் அவள் பேசினது ஒரு மாதிரி கொழகொழவென்று இருந்தது. பெரியவள் நிமிர்ந்து பார்த்தாள். சின்னவள் வாயில் முன்பல் இல்லை. மெஷின் பக்கத்தில் ஒரு சின்ன டப்பாவில், இளஞ்சிவப்புத் தட்டோடு, அந்தப் பல் தண்ணீரில் கிடந்தது.

பெரியவள் டப்பாவைக் கையில் எடுத்துப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "கழற்றி மாட்டுறதா?"

"ஆமாக்கா. என்ன நினைச்சீங்க? நானும் நூல் கடிச்சு அதை ஒருதரம் ரெண்டாப் பொளந்தேன். உங்ககிட்டப் படிச்ச தையலாச்சே, பழக்கமும் சேர்ந்து வந்துடுச்சு."

"ஒட்டினதுன்னு நினைச்சேன்டி. அதுக்காக என் நல்ல பல்லு ரெண்டை ராவிட்டு வந்திருக்கேன்."

சின்னவள் சிரிக்கவில்லை. பெரியவளுக்கு அதுவும் பிடிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

"நீங்க ஏன்க்கா என்னைக் கேக்கல?" என்றாள் சின்னவள். "உங்களுக்காவது நாள் முழுக்க வாயிலயே நிக்குது. எனக்கு முன்னால நின்னு பேசிப் பேசி ஈறெல்லாம் புண்ணு. எப்போடா பின்னால வந்து இதைக் கழற்றி வெப்போம்னு இருக்கும். நீங்க மெஷினை விட்டு எழுந்திருக்கவே மாட்டேங்கிறீங்க. அந்தத் திரைக்குள்ள நீங்க நிம்மதியா இருக்கிறதைப் பாத்தா எனக்கு எவ்வளவு பொறாமையா இருக்கும் தெரியுமா?"

பெரியவள் வெட்டுத்துணி மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாள் இழுத்துப் பிடித்த கயிற்றின் அந்தப் பக்கம் ஆளே இல்லை என்றால் எப்படி இருக்கும்? விழாமல் என்ன செய்வாள்? சின்னவள் பிடித்து வைத்திருந்த இடம் என்று நினைத்துத்தானே அதைக் கேட்டாள்.

மறுநாள் டாக்டரம்மா பெரியவளின் பல்லில் உடைந்த மூலையைப் பார்த்துவிட்டு, "இதைத் தேய்ச்சு மழுக்கிடலாம். நிறத்தை மாத்தணும்னா வெட்டி எடுத்துட்டுப் புதுசாத்தான் கட்டணும்" என்றாள். கூட வந்திருந்த சின்னவள் நிறப் பட்டையை வாங்கி, பெரியவளின் கீழ்ப்பல் பக்கத்தில் பிடித்து, "இதுதான்க்கா, இந்தப் பழுத்த நிறம் கச்சிதமா சேருது" என்றாள்.

சேரத்தான் செய்தது. பெரியவள் கண்ணாடியில் பார்த்தாள், தெரிந்தது. "வேண்டாம். மூலையை மட்டும் மழுக்குங்க" என்றாள். சின்னவள் எடுத்துக் கொடுத்த நிறத்தைத் தன் வாயில் வைத்துக்கொள்ள அவளுக்கு இன்னும் மனசு வரவில்லை.

இப்போது முன்னால் பெரியவள்தான் நிற்கிறாள். வருகிறவர்கள் அவளைக் கடைக்காரி என்கிறார்கள், பல்லையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறார்கள். கழுத்தில் நாடாவோடு ஒரு கத்திரிக்கோலும் தொங்குகிறது. கால் கடுக்க நின்று, அளவெடுத்து, முகம் வலிக்கச் சிரித்து, ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லி அனுப்பிவிட்டுத் திரும்பினால், திரைக்குப் பின்னால் சின்னவள் டப்பாவில் பல்லைப் போட்டுவிட்டு, பொக்கை வாயோடு ஏதோ பாட்டை முனகிக்கொண்டு மெஷினை ஓட்டுகிறாள். விளக்கு வெளிச்சம் வட்டமாக அவள் மேல் மட்டும் விழுகிறது. யாரும் அவளைப் பார்க்கவில்லை, அவளும் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

பெரியவள் திரை ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அங்க என்னடி அவ்வளவு சந்தோஷம்?" என்றாள்.

"ஒண்ணும் இல்லக்கா, கை தைக்கறேன்."

"என் மெஷின் அது. மிதியைப் பாத்து மிதி" என்று சொல்லிவிட்டு, கதவு திறக்கிற சத்தம் கேட்டு முன்பக்கம் திரும்பினாள்.