மாமா வாசித்த கடிதம்

அப்பா கதை எழுதி, மாமா படம் வரைந்து, இருவருமாகச் சேர்ந்து ஒரு சித்திரக்கதைப் புத்தகம் செய்தபோது நான் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குப் பொள்ளாச்சியில் ஒரு தேங்காய் நார் மில்லில் ஸ்டோர் கீப்பர் வேலை. மாமா என்றால் அம்மாவின் தம்பி. மெயின் ரோட்டோரம் தகரக் கொட்டகை போட்டு, லாரிகளுக்குப் பெயர் எழுதுவதும் கடைகளுக்கு போர்டு எழுதுவதும் அவருடைய தொழில். லாரியின் பின்பக்கம் அவர் வரையும் யானையைப் பார்த்தால், பின்னால் வரும் வண்டிக்காரன் கொஞ்சம் தள்ளியே வருவான் என்று அம்மா சொல்வாள்.

கதையின் பெயர் 'ஆற்றைத் திருடியவன்'. ஒரு மந்திரவாதி ஆழியாற்றைப் பாய் மாதிரிச் சுருட்டி டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டு மலையேறிவிடுகிறான். செல்லி என்கிற பத்து வயதுப் பெண் வால்பாறை வரைக்கும் துரத்திப்போய் ஆற்றை மீட்டு வருகிறாள். இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகள் இதற்காகச் செலவாயின. படங்கள் மாமாவுடையவை. பாத்திரங்கள் பேசுவதைக் கட்டங்களுக்குள் எழுதியது அப்பா, ஏனென்றால் அப்பாவின் கையெழுத்து மணிமணியாக இருக்கும். முதல் வாசகி நான். செல்லிக்கு என் மூக்கு.

புத்தகம் முடிந்ததும் அதை எப்படி வெளியிடுவது என்ற பேச்சு தொடங்கியது. கோயமுத்தூரில் தனக்குத் தெரிந்த அச்சகம் ஒன்று இருக்கிறது, நாமே அச்சடித்து நாமே விற்போம் என்றார் மாமா. அப்பாவுக்கு அதில் சம்மதமில்லை.

"ஒரு கம்பெனி போட்டாத்தான் மாப்ள அது புஸ்தகம். நாமளே போட்டுக்கிட்டா அது நோட்டீசு" என்றார்.

கதை நன்றாயிருக்கிறது என்று தன்னைத் தெரியாத ஒருவர் சொல்லவேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை இருந்தது. அதை அவர் வெளிப்படையாகச் சொன்னதில்லை. கடைசியில் மாமா விட்டுக்கொடுத்தார். பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் எல்லாம் தொங்கும் காமிக்ஸ்களைப் போடுகிற ஒரு மெட்ராஸ் கம்பெனிக்குப் பார்சல் போயிற்று. பதில் போட, மெயின் ரோட்டில் தபால்காரர் தவறாமல் நிற்கிற மாமாவின் கொட்டகை விலாசத்தைக் கொடுத்திருந்தார்கள்.

பதில் வந்த நாளில் நான் பள்ளிவிட்டு கொட்டகைக்குப் போயிருந்தேன். மாமா ஒரு லாரியின் நெற்றியில் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு கையிலும் சிவப்பு பெயிண்ட்.

"கை பூராவும் பெயிண்டுங்க அம்மணி. நீங்களே பிரிச்சு வாசிங்க" என்றார்.

பள்ளியில் வாசிப்பதில் நான்தான் முதல். செய்தி வாசிப்பவரைப் போல நிமிர்ந்து நின்று வாசித்தேன். "தாங்கள் அனுப்பிய சித்திரக்கதை கிடைத்தது. சித்திரங்கள் முதல் தரம். கதை மிகவும் நீர்த்துப் போயிருக்கிறது. ஆகவே இதை வெளியிட இயலாது. ஆனால் ஓவியர் மட்டும் இம்மாத இறுதிக்குள் நேரில் வந்தால், எங்கள் கதைகளுக்கு வரைய நிரந்தர வேலை தருகிறோம்."

வெளியிடாதது எனக்கு வருத்தம்தான். ஆனாலும் எங்கள் கதையைப் பற்றி அவர்கள் சரியாகச் சொல்லியிருப்பதாகவே நினைத்தேன். ஆற்றைப் பற்றிய கதை, அதில் பக்கத்துக்குப் பக்கம் தண்ணீர். நீர்த்துப் போகாமல் எப்படி இருக்கும்?

மாமா இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கையைத் துணியில் வெகுநேரம் துடைத்துவிட்டு, கடிதத்தை வாங்கிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். "ஊட்ல ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க. சாய்ங்காலம் நானே வந்து சொல்லிக்கிறேன்" என்றார்.

சாயங்காலம் வந்தார். அப்பா கையைக் கழுவிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மா அடுப்படி வாசலில் நின்றாள். மாமா கடிதத்தைப் பிரித்து, விளக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, வாசிக்க ஆரம்பித்தார்.

"கதை பிரமாதமா இருக்குதுங்க. படமும் மோசமில்லீங்க. ஆனா, இதைப் போடறதுக்கு ரெண்டு வருசம் ஆகுமுங்க. அதுவுமில்லாம, அந்தச் செல்லிப் புள்ளைய ஒரு பையனா மாத்திக் குடுத்துப்போட்டீங்கன்னா தேவலைங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கொட்டகையில் நான் வாசித்தபோது மெட்ராஸ்காரராக இருந்த கடிதக்காரர், மாமா வாசிக்கும்போது பொள்ளாச்சிக்காரராகப் பேசினார். அப்பா இதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவர் 'பிரமாதம்' என்ற சொல்லிலேயே நின்றுவிட்டிருந்தார்.

"பிரமாதம்னா போட்டிருக்குது?" என்று கேட்டார்.

"ஆமாங்க மச்சான். மொத வரியே அதானுங்க."

பிறகுதான் அப்பாவுக்குக் கோபம் வந்தது. செல்லியைப் பையனாக மாற்றுவதா? பையனாக இருந்தால் அவன் குளத்தில் மீன் பிடிக்கப் போயிருப்பான், ஆற்றைத் தேடி எங்கே போகிறான் என்றார். இப்படிப்பட்ட கம்பெனியே வேண்டாம் என்றார். மாமாவும் அதுதான் சரி என்றார். சோறு போடுவதற்குள், சொந்தமாகவே அச்சடிப்பது என்று முடிவாகிவிட்டது.

மறுநாள் அப்பா அந்தக் கம்பெனிக்கு மூன்று பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினார். செல்லி ஏன் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்பதற்கான காரணங்கள் அதில் இருந்தன. தபாலில் போடச் சொல்லி என் கையில் கொடுத்தார். அதற்குள் மாமா எங்கிருந்தோ வந்து, "நான் டவுனுக்குத்தானுங்க போறேன்" என்று வாங்கிக்கொண்டார்.

நான் இதையெல்லாம் இரண்டு நாள் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். மாமாவுக்கு வாசிக்கத் தெரியாது. அதனால்தான் பெயிண்டைச் சாக்குச் சொல்லி என்னை வாசிக்கவைத்திருக்கிறார். கேட்டதை மறந்துவிட்டு, அப்பாவின் முன்னால் வாய்க்கு வந்ததைச் சொல்லித் தப்பித்திருக்கிறார். போர்டு எழுதுபவருக்கு எழுத்துத் தெரியாமல் இருக்குமா என்ற சந்தேகமும் வராமலில்லை. ஆனால் அவர் எப்போதும் ஒரு துண்டுச் சீட்டைப் பார்த்துத்தான் எழுதுவார். ஒருமுறை, 'மாசாணியம்மன் துணை' என்பதற்கு 'துனை' என்று எழுதிவிட, ஒரு லாரிக்காரர் சண்டைக்கு வந்திருக்கிறார். அவருக்கு எழுத்தும் ஒரு படம்தான் என்று தீர்மானித்தேன்.

கொட்டகைக்குப் போய், ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொன்னேன். "மாமா, உங்களுக்கு வாசிக்கத் தெரியாதுன்னு நான் ஆருகிட்டயும் சொல்ல மாட்டனுங்க."

மாமாவின் கையில் தூரிகை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தார். தூரிகையிலிருந்து ஒரு சொட்டு அவர் செருப்பின் மேல் விழுந்தது.

"சொல்லிப்போடாதீங்க அம்மணி. மானம் போயிரும்" என்றார்.

"நான் சொல்லித் தாரனுங்க."

"செரிங்க. மெதுவாச் சொல்லித் தாங்க."

அன்றிலிருந்து ஒன்றரை மாதம், பள்ளிவிட்டதும் மாமாவுக்குப் பாடம் நடந்தது. என்னுடைய பழைய ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்துப்போனேன். மாமா பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, விரல் வைத்து எழுத்துக் கூட்டி வாசிப்பார். 'ற'வுக்கும் 'ர'வுக்கும் வித்தியாசம் பிடிபடவே பத்து நாள் ஆயிற்று. நான் அதட்டினால் தலையைக் குனிந்துகொள்வார். இவ்வளவு மந்தமான மாணவர் இந்த வயதில் கற்றுக்கொள்ள முன்வந்ததே பெரிய விஷயம் என்று பொறுத்துக்கொண்டேன். அந்த மாத இறுதியும் அப்படியே பாடத்தோடு கழிந்து போயிற்று. மெட்ராஸ் போகும் பேச்சை மாமா எடுக்கவில்லை. அந்த ஊர்த் தண்ணீர் உடம்புக்குச் சேராது என்று பயந்திருப்பார் என்று நினைத்து, நானும் கேட்கவில்லை.

மொபெட் வாங்க வைத்திருந்த பணத்தை அப்பா அச்சகத்துக்குக் கொடுத்தார். பங்குனியில் ஐந்நூறு பிரதிகள் வந்திறங்கின. உள்ளே கறுப்பு வெள்ளை, அட்டையில் மட்டும் நீலமும் சிவப்பும். அட்டையில் மேலே அப்பாவின் பெயர் பெரிதாகவும், கீழே மாமாவின் பெயர் சின்னதாகவும் இருந்தன. அப்பா ஒரு பிரதியை எடுத்து முகர்ந்து பார்த்தார். பிறகு மில்லுக்குப் போகும்போது தினமும் சாப்பாட்டுப் பையில் ஒன்றை வைத்துக்கொண்டு போனார். அதை அங்கே யாரிடமும் காட்டவில்லை என்பது பிறகு தெரிந்தது.

அடுத்த அமாவாசையன்று ஆனைமலைக்கு விற்கப் போனோம். அன்றைக்கு மாசாணியம்மன் கோயிலுக்கு ஊர்ப்பட்ட கூட்டம் வரும். பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சாக்கை விரித்து மாமா புத்தகங்களை அடுக்கினார். அப்பா கூச்சப்பட்டுக்கொண்டு, நாலு கடை தள்ளி ஒரு பூக்கடையோரம், எங்களுக்குச் சம்பந்தமில்லாதவர் போல நின்றார். ஒரு மணி நேரத்தில் மூன்று பிரதிதான் போயிற்று. அதில் ஒன்றை வாங்கியவர் விசிறிக்கொள்ள வாங்கினார் என்று எனக்குச் சந்தேகம்.

பிறகு, வால்பாறை எஸ்டேட்டிலிருந்து இறங்கி வந்த ஒரு அம்மா, இரண்டு பிள்ளைகளோடு எங்கள் சாக்கின் முன்னால் நின்றார். அட்டையில் இருந்த மலையைப் பார்த்துவிட்டு, "இது எங்கூர் ரோடு மாதிரியே இருக்குதே. உள்ள என்னங்க கதை?" என்று கேட்டார்.

மாமா ஒரு பிரதியைப் பிரித்து வாசித்தார். தடங்கலே இல்லை. மந்திரவாதிக்கு ஒரு குரல், செல்லிக்கு ஒரு குரல், சுருட்டிய ஆறு பெட்டிக்குள் கிடந்து முனகுவதற்கு ஒரு குரல். பிள்ளைகள் சாக்கிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் நெருங்கி வந்தார்கள். ஒரு கண்டக்டர் படியில் தொங்கியபடியே கேட்டார். ஏழாவது கட்டத்தில் வருகிற 'ற'வைக்கூட மாமா பிசகாமல் சொன்னார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு அப்பாவிடம் ஓடினேன். இனிமேல் சொல்வதில் தப்பில்லை. மாமாவுக்குத்தான் வாசிக்க வந்துவிட்டதே.

"அப்பா, இத்தனையும் நான் சொல்லிக் குடுத்ததுங்க."

"என்ன கண்ணு சொல்லிக் குடுத்த?"

"வாசிக்கறதுக்குங்க. மாமாவுக்கு முன்னால வாசிக்கவே தெரியாது. மெட்ராஸ்ல இருந்து வந்த கடுதாசியக்கூட உங்ககிட்டத் தப்பாத்தான் வாசிச்சாரு. அதுல வேற என்னமோ போட்டிருந்துச்சு. நான்தானே மொதல்ல வாசிச்சேன்."

அப்பா என்னைப் பார்த்தார். அப்புறம் கூட்டத்துக்கு நடுவில் மந்திரவாதியாகச் சிரித்துக்கொண்டிருந்த மாமாவைப் பார்த்தார். அடுத்து அவர் என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். கேட்டால் ஒரு வரி விடாமல் ஒப்பிக்கத் தயாராக, நிமிர்ந்து நின்றேன்.

அப்பா கேட்கவில்லை. பூக்கடைக்காரரிடம் குடிக்கத் தண்ணீர் வாங்கி, பாதி குடித்துவிட்டு மீதியை என்னிடம் கொடுத்தார். "மாமனுக்கு நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கற கண்ணு" என்று சொல்லி என் தலையில் கை வைத்தார். பிறகு கூட்டத்துக்குள் போனார்.

"நீங்க உக்காருங்க மாப்ள. தொண்டை வறண்டு போச்சு பாருங்க" என்று மாமாவின் கையிலிருந்த பிரதியை வாங்கிக்கொண்டார். மாமா அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

அப்பா புத்தகத்தைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். "படத்தைப் பாருங்க, படத்தைப் பாருங்க. பொள்ளாச்சி ஆர்ட்டிஸ்ட் கையால வரைஞ்சது" என்று பஸ் ஸ்டாண்டு முழுவதும் கேட்கும்படி கூவத் தொடங்கினார். கதையைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. எங்கள் அப்பா அவ்வளவு சத்தம் போட்டு நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. ஒரே நிமிஷத்தில் அவருடைய கூச்சமெல்லாம் எங்கே போயிற்று என்று புரியாமல், பாதி டம்ளர் தண்ணீரோடு நான் நின்றுகொண்டிருந்தேன்.