பத்தே நிமிஷம்

“இந்த நகரத்தில் இனி ஓர் உயிர்கூட மூச்சுக்காற்று இல்லாமல் போகாது. இதை வரலாறு பொன்னெழுத்தில் பொறிக்கும்!”

நகரச் சுகாதார அதிகாரி மேடையில் இப்படி முழங்கிவிட்டு ரிப்பனை வெட்டினார். ரிப்பனுக்குப் பின்னால் இருந்தது ஒரே ஓர் ஆக்சிஜன் மெஷின். நான்கு ஆஸ்பத்திரிகளுக்கு நான்கு மெஷின் வாங்கத்தான் மாநில அரசு பணம் கொடுத்திருந்தது. மிச்ச மூன்றும் நுழைவு வளைவாகவும், மேடையாகவும், அவர் படம் போட்ட பலகைகளாகவும் ஊரெங்கும் நின்றன. ஊர் அவருக்கு வைத்த பெயரே ‘ரிப்பன்’.

இனி வருவது நடந்த விஷயம். கதை கட்டவில்லை. அதுவும் பட்டப்பகலில் நடந்தது. பேய்க்கு இருட்டு வேண்டும் என்று நினைப்பவர்கள் அந்த வேன் டிரைவரைக் கேட்டுக்கொள்ளட்டும். மனுஷன் இப்போது வேனைத் தொடுவதே இல்லை.

வருஷா வருஷம் மாநிலத்திலிருந்து ஆய்வு அதிகாரி வருவார். நான்கு இடத்திலும் மெஷின் இருந்தால்தான் அடுத்த மானியம். மருந்து, நர்ஸ் சம்பளம், கொசு மருந்து எல்லாம் அதில்தான் ஓட வேண்டும். ரிப்பனின் நாற்காலியும் அதன்மேல்தான் நின்றது. அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். முதல் ஆஸ்பத்திரியில் மெஷினைக் காட்டிவிட்டு, வந்தவரை முன்னறையில் உட்காரவைத்து டீ கொடுப்பார். அதற்குள் மெஷின் பின்வாசல் வழியே வேனில் ஏறி, குறுக்குச் சந்தில் புகுந்து, அடுத்த ஆஸ்பத்திரியில் முன்னதாகப் போய் நிற்கும். டீ மட்டும் கொதிக்கக் கொதிக்க இருக்க வேண்டும். ஊதி ஊதிக் குடித்தால்தானே நேரம் கிடைக்கும்!

போன வருஷம் ஒரு சின்னச் சிக்கல். மெஷினில் நிஜமாகவே ஒரு நோயாளி இருந்தார். ரிட்டயர்டான பஸ் கண்டக்டர். வாய்விட்டுக் கேட்க மூச்சு இராது. ஏதாவது வேண்டுமென்றால், பஸ் தகட்டைத் தட்டுகிற மாதிரி, பித்தளை மோதிரத்தால் கட்டில் கம்பியைத் தட்டுவார். டொக்... டொக்.

ரிப்பனே குனிந்து அவருடைய முகமூடியைக் கழற்றினார்.

“பத்தே நிமிஷம் பெரியவரே. இதோ வந்துடும்.”

அன்று நாலாவது ஆஸ்பத்திரியில் போட்டோ, பேச்சு, நன்றியுரை என்று பொழுது போய்விட்டது. மெஷின் திரும்பி வந்தபோது கட்டிலில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

இந்த வருஷம் ரிப்பன் உஷார். நிஜ நோயாளி வம்பே வேண்டாம் என்று டிரைவரின் மச்சானைப் படுக்கவைத்தார்.

“இருமணுமா சார்?”

“வாங்குற காசுக்கு ரெண்டு தடவ இருமு. குறட்டை மட்டும் விட்டுடாதே.”

முதல் ஆஸ்பத்திரி அமர்க்களமாக முடிந்தது. ஆய்வுக்கு வந்த அம்மா டீயை ஊதிக்கொண்டிருக்க, மெஷினும் மச்சானும் வேனில் ஏறினார்கள். வேன் கிளம்பும்போது பின்பக்கத் தகட்டில் யாரோ தட்டினார்கள்.

டொக்... டொக்.

ரிப்பன் திரும்பிப் பார்த்தார். யாருமில்லை.

இரண்டாவது ஆஸ்பத்திரி. வார்டுக்குள் நுழைந்ததும் அவருக்கு ஒரே பூரிப்பு. கட்டிலில் ஆள் தயார். கழுத்துவரை போர்வை, முகத்தில் முகமூடி. பக்கத்தில் மெஷின் ‘உஸ்ஸ்... உஸ்ஸ்...’ என்று ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மா தலையசைத்துக் குறித்துக்கொண்டார்.

போன் அடித்தது. டிரைவர்.

“சார், கோவிச்சுக்காதீங்க. வண்டி மக்கர் பண்ணுது. சந்துக்குள்ளயே நிக்கிறோம்.”

“என்னய்யா உளர்றே? மெஷின் இங்க ஓடுதே!”

“மெஷின் என் பக்கத்துல இருக்கு சார். மச்சான் அதுல சாஞ்சு தூங்குறான்.”

ரிப்பன் மெல்லக் கட்டிலைப் பார்த்தார். போர்வைக்கு வெளியே ஒரு கை. எலும்பாக மெலிந்த கை. விரலில் பித்தளை மோதிரம்...

“பேஷன்ட் யாரு?” என்றார் அம்மா.

“நம்ம... ஆளுதான் மேடம்.”

மூன்றாவது ஆஸ்பத்திரி. வேன் இன்னும் சந்தில்தான் நின்றது. ஆனாலும் வாசலிலேயே கேட்டது.

உஸ்ஸ்... உஸ்ஸ்...

அதே கை. இப்போது அதில் சதை பிடித்திருந்தது. நகத்தில் ரத்தம் ஓடியிருந்தது. படுத்திருந்தவர் நிதானமாக, ஆழமாக மூச்சை இழுத்தார். அவர் இழுக்க இழுக்க ரிப்பனின் நெஞ்சில் காற்று குறைந்தது.

“நல்லா கவனிச்சுக்கிறீங்க. முகம் எவ்வளவு தெளிவா இருக்கு!” என்றார் அம்மா.

நன்றி சொல்ல ரிப்பன் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை.

நான்காவது ஆஸ்பத்திரி. படி ஏறுவதற்குள் ரிப்பனின் உதடு நீலம் பாரித்துவிட்டது. உள்ளே மெஷின் ஓடும் சத்தத்தைக் கேட்டே குறித்துக்கொண்டு, அம்மா முன்னறையில் டீயோடு உட்கார்ந்தார். ரிப்பன் மட்டும் வார்டுக்குள் போனார்.

கட்டில் காலி. மெஷின் ஓடியது. முகமூடி தலையணைமேல் காத்திருந்தது.

அவர் கட்டிலில் விழுந்தார். தானே எடுத்து மாட்டிக்கொண்டார். காற்று... அப்பாடா... காற்று...

காதருகே ஒரு குரல். அவசரமே இல்லாத குரல்.

“பத்தே நிமிஷம் சார். இதோ வந்துடும்.”

முகமூடி கழன்றது.

மெஷின் நின்றது.

கத்த முடியவில்லை. கையை நீட்டிக் கம்பியைத் தட்டினார்.

டொக்... டொக்.

யாரும் வரவில்லை.

டொக்...

அவர் சாகவில்லை. அவ்வளவு சுலபமாக விடுவதாக இல்லை போலிருக்கிறது. வேன் ஒருவழியாக வந்து சேர, அவரை அதில் அள்ளிப்போட்டு முதல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மெஷினில் மாட்டினார்கள். அன்றிலிருந்து அந்தக் கட்டில்தான். முகமூடியைக் கழற்றினால் உடம்பு நீலம் பாய்கிறது. எந்த டாக்டருக்கும் காரணம் தெரியவில்லை.

மானியம் முழுசாக வந்தது. நான்கு மெஷினும் அருமையாக ஓடுவதாக அந்த அம்மா எழுதியிருந்ததால், புது மெஷினுக்கு மட்டும் ஒதுக்கீடு இல்லை.

அடுத்த ஆய்வு நாள் வந்தது. அவர் நாற்காலிக்கு வந்த புது அதிகாரி கட்டிலருகே பணிவாகக் குனிந்தார்.

“உங்களுக்குத் தெரியாததா சார்? நீங்க போட்டுக்குடுத்த வழிதானே. பத்தே நிமிஷம்...”

ரிப்பன் வேண்டாமென்று தலையை ஆட்டினார். புது அதிகாரியின் சட்டையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“அங்கல்லாம்... மெஷின் இருக்கு... ஓடுது... நான் பார்த்தேன்யா...”

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்கள். புது டிரைவர் வேனைக் கிளப்பினான். வார்டுக்குள்ளிருந்து கேட்டது.

டொக்... டொக்.

பழைய டிரைவர் வாசலில் நின்று ஒரு விஷயம் சொன்னார். மற்ற மூன்று வார்டுகளிலும், கட்டிய நாளிலிருந்தே, ப்ளக் பாயின்ட் கிடையாது. கண்டக்டர் போன அன்றும் மெஷினை அங்கே சும்மாதான் நிறுத்தி வைத்திருந்தார்கள்.