மல்லிகாவின் கைராசி

தியாகராய நகரில் ஒரு துண்டு வாங்க ஐந்து பேர் வேண்டியிருக்கிறது. ஒருவர் எடுத்துக் காட்டுகிறார், ஒருவர் பில் போடுகிறார், ஒருவர் பணம் வாங்குகிறார், ஒருவர் பையில் போடுகிறார், வாசலில் ஒருவர் பில்லில் ஓட்டை குத்தி அனுப்புகிறார். எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். டொரண்டோவில் என் வீட்டருகே உள்ள கடையில் இதற்கு ஒருவரும் கிடையாது. நானே எடுத்து, நானே இயந்திரத்தில் காட்டி, நானே பையில் போட்டுக்கொள்ள வேண்டும். நான் திருடுகிறேனோ என்று இயந்திரத்துக்குச் சந்தேகம் வந்தால் மட்டும் ஒரு பெண் வருவாள். அங்கே ஆளே இல்லையே என்று எரிச்சல். இங்கே இத்தனை ஆளா என்று எரிச்சல். அப்பாவின் எரிச்சலுக்கு மட்டும் இரட்டைக் குடியுரிமை உண்டு என்பாள் என் மகள்.

குளிர் தாங்காமல் ஆண்டுதோறும் சென்னைக்கு வந்து, மந்தைவெளியில் தங்கை கமலாவின் வீட்டில் தங்குகிறேன். வரும்போதெல்லாம் மகளுக்குப் பட்டு எடுக்க அதே கடை, அதே இரண்டாவது மாடி, அதே மல்லிகா. கோடம்பாக்கத்துக்காரி. முகூர்த்தப் பட்டு விற்பதில் அவளுக்குக் கைராசி என்று பெயர். காலையில் கடை திறந்ததும் முதல் புடவையை அவள் கையால்தான் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. அன்றைய போணி அப்போதுதான் நன்றாக ஆகுமாம். நான் மடிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தால், “சார், நீங்க எண்ணிக்கினே இருங்க. அதுக்குள்ள பொண்ணு அறுபதாம் கல்யாணத்துக்கு வந்துடும்” என்பாள்.

இந்த முறை மாடியில் அவள் இல்லை. எட்டுப் பெண்கள் நின்றார்கள். எட்டும் புது முகங்கள். பொட்டலம் வாங்கக் கீழ்த்தளத்துக்குப் போனபோது, அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் மல்லிகா நின்றுகொண்டிருந்தாள். இரண்டு புறங்கைகளிலும் வெள்ளைத் திட்டுகள். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவளே சொன்னாள்.

“வெண்புள்ளி சார். ஒட்டாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. அதை மைக்குல சொல்லவா? கல்யாணப் புடவைய இந்தக் கையால எடுத்தா ஆவாதாம். போன தை மாசம் வரைக்கும் இதே கைதான் ராசியான கை.”

“சம்பளம்?”

“அதேதான். அத வுடுங்க சார். என்னை மாடிக்கு அனுப்பச் சொல்லுங்க, போதும். நான் எடுத்துக் குடுத்த புடவையில எத்தினி கல்யாணம் நடந்துகீது! இங்க வெறும் அட்டைப்பொட்டியக் கட்டிக்கினு கெடக்கறேன்.”

சம்பளம் அதேதான் என்ற பேச்சை நான் முன்பே கேட்டவன். மயிலாப்பூரில் அச்சகத்தில் பிழை திருத்தினேன், மருந்துக் கம்பெனிக்காகப் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தேன், தட்டச்சு சொல்லிக்கொடுத்தேன். டொரண்டோவுக்குப் போய்க் கார் நிறுத்துமிடத்தில் காவல் காத்து, ரொட்டித் தொழிற்சாலையில் தட்டு அடுக்கி, ஆறாவது வேலையாக ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் தொலைபேசி எடுக்கும் இருக்கையைப் பிடித்தேன். சில வாரங்களில் மேற்பார்வையாளர் சிரித்த முகத்தோடு வந்து, என் குரலுக்கு ஓய்வு தரப்போவதாகவும், இனி உள்ளறையில் கோப்புகளை அடுக்கினால் போதும், சம்பளத்தில் மாற்றமில்லை என்றும் சொன்னார். அப்போது எனக்கு இருமல். எவ்வளவு அக்கறை என்று நினைத்து, மூன்று முறை நன்றி சொன்னேன். எவ்வளவு நல்ல மனுஷி என்று மனைவியிடமும் சொன்னேன். இருமல் போயிற்று, கோப்புகள் போகவில்லை. உள்ளறையில் இருந்த ஐந்து பேரை ஒருநாள் எண்ணினேன். ஐந்து பேருமே வெளிநாட்டு உச்சரிப்புக்காரர்கள். அன்றுதான் புரிந்தது.

புகார் கொடுத்தோம். இழுத்தடித்தார்கள், கடைசியில் தொலைபேசி திரும்பக் கிடைத்தது. அந்த ருசியில்தான் ஏழாவது வேலைக்குப் போனேன்: வேலையிடத்தில் நிறத்துக்காக, பேச்சுக்காக, உடம்புக்காக ஒதுக்கப்படுகிறவர்களுக்கு மனு எழுதி, அவர்களோடு விசாரணைக்குப் போய் உட்காரும் வேலை. ஓய்வு பெறும்வரை அதுதான். யார், எப்போது, என்ன செய்தார், பக்கத்தில் இருந்தது யார் என்ற நான்கு கேள்விகளை அங்கே கேட்டுக்கேட்டு, தூக்கத்திலும் கேட்கிறேன் என்று மனைவி குறைப்பட்டதுண்டு.

ஆகவே கடை மேலாளரிடம் போனேன். தென்காசிப் பக்கத்துக்காரர். மரியாதையாக நாற்காலி போட்டு, ஜூஸ் வரவழைத்தார். இது பாகுபாடு என்று நான் விளக்க, அவர் நான் மல்லிகாவுக்குச் சொந்தம் என்று நினைத்துக்கொண்டார்.

“கவலப்படாதீங்க ஐயா. நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரிதான் பாத்துக்கிடுதோம். வேலைய விட்டு நிப்பாட்டலயே? உள்ள ஃபேன் கூட இருக்கு.”

“நான் சொந்தமில்லை. அவரை மாடிக்கு அனுப்புங்கள் என்கிறேன்.”

“எனக்கென்ன ஐயா வந்துச்சு? வர்ற கஸ்டமர் மொகம் சுளிக்காங்க. கல்யாணக் காரியம் பாருங்க.”

“எந்தக் கஸ்டமர்? ஒருவரைக் காட்டுங்கள்.”

அவர் சிரித்தார். நான் ஜூஸைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். பிறகு மூன்று அலுவலகங்களுக்கு அலைந்தேன். மூன்றிலும், இது எங்கள் பிரிவில் வராது என்றார்கள். டொரண்டோவில் நான் அன்றாடம் புழங்கிய சட்டத்துக்கு இங்கே எந்த மாடி, எந்த அறை என்று சொல்ல ஆளில்லை. அடையாற்றில் இருக்கும் ஒரு தொழிலாளர் வழக்கறிஞர் மட்டும், “மனுவா எழுதிட்டு வாங்க சார், முட்டிப் பாக்கலாம். ஆனா கஸ்டமர் யாருன்னு பேரோட இருக்கணும். இல்லாட்டி அவங்க கையை விரிச்சிடுவாங்க” என்றார்.

இதற்கிடையில் கமலாவின் பேத்திக்குக் கல்யாணம் நிச்சயமானது. முகூர்த்தப் புடவை எடுக்க ஆறு பேர் கிளம்பினோம். நான் அதே கடைக்கு அழைத்துப்போய், மேலாளரிடம் சத்தமாகவே சொன்னேன்: “மல்லிகாவைக் கூப்பிடுங்கள். அவர் காட்டினால்தான் வாங்குவோம்.”

வந்தாள். தலையைச் சரிசெய்துகொண்டு, பழைய கம்பீரத்தோடு அரக்கு நிறப் பட்டு ஒன்றை உதறி, தன் முன்கையில் விரித்துக் காட்டினாள். “பொண்ணு நிறத்துக்கு இது எடுப்பா இருக்கும்மா. தொட்டுப் பாருங்க.”

கமலா பட்டைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள். நீட்டிய விரல்களை மெல்ல மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற புதுப் பெண்ணிடம், “நீ எடும்மா, அந்த மாம்பழக் கலரு” என்றாள். கல்யாணப் பெண் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “கமலா, தொட்டுப் பாரேன்” என்றேன். “அண்ணா, நீ சும்மா இரு” என்றாள். மேலாளர் என்னைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. ஒருவரைக் காட்டுங்கள் என்று நான் கேட்ட கஸ்டமரை நானே ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து காட்டிவிட்டேனே. மல்லிகா புடவையைப் பழைய மடிப்பிலேயே மடித்து வைத்துவிட்டுப் படியிறங்கினாள்.

திரும்பும்போது கமலா பொரிந்து தள்ளினாள். “அவளை நான் ஒரு வார்த்தை சொன்னேனா? உனக்குக் கோபம் வந்தா ஏறிப் போக ஒரு ஊரு இருக்கு. எனக்கு இந்தப் பொண்ணு கல்யாணம்தான் இருக்கு. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா உன்னையா கேப்பாங்க, என்னையா?” உண்மைதான், ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அந்த மேற்பார்வையாளரும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. அங்கே உள்ளறையில் உட்காரவைக்கப்பட்டவன் நான். இங்கே, யாருக்காக உள்ளே அனுப்புகிறார்களோ அந்தக் குடும்பத்தில் நான் மூத்தவன்.

மறுநாள் மாலை, கடைக்குப் பின்தெருவில் மல்லிகாவைப் பார்த்து மன்னிப்புக் கேட்டு, வழக்கறிஞர் சொன்னதையும் சொன்னேன். அவள் டீயை ஊதிக்கொண்டே சொன்னாள்: “வுடு சார், எனக்கென்ன புதுசா? எழுதுங்க, நான் கையெழுத்துப் போடறேன். என்னா ஆவுதுன்னு பாத்துடலாம். ஆனா கஸ்டமரு பேருன்னு ஒண்ணு கேக்கறாங்களே, அந்த எடத்துல யாரைப் போடப் போறீங்க?”

டீக்கடையில் ஏழு பேர் நின்றார்கள். ஒருவர் பேரும் எனக்குத் தெரியாது.

மனுவைக் கமலாவின் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துதான் எழுதினேன். அந்த வீட்டில் எழுத வேறு மேஜை இல்லை. நேரில் கண்ட சாட்சி என்று என் பெயர். முகவரிக்கு டொரண்டோவை எழுத ஆரம்பித்து, அடித்துவிட்டு, மந்தைவெளிக் கதவு எண்ணைப் போட்டேன். அடுத்து, புடவையைத் தொட மறுத்த வாடிக்கையாளர். கமலாவின் முழுப் பெயரை எழுதினேன். அதன் கீழே மறுபடியும் அதே கதவு எண், அதே தெரு.

கமலா காப்பி கொண்டுவந்தாள். தாளில் சிந்திவிடக்கூடாது என்று அதைக் கையால் ஒதுக்கிவிட்டு டம்ளரை வைத்தாள். “உன் கையெழுத்து இன்னும் அச்சுக் கோத்த மாதிரியே இருக்கு” என்று குனிந்து பார்த்தாள். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு வரிசைதான் தெரியும், வார்த்தை தெரியாது. கண்ணாடி மேஜையின் மறுகோடியில் கிடந்தது. எட்டி எடுத்து அவள் பக்கம் நகர்த்தினேன்.