மாற்றாமல் விட்ட டம்மி வரி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஈப்போவில் ஒரு மண்டபத்தில் நானும் என் இசையமைப்பாளர் நண்பனும் மேடையில் உட்கார்ந்து, பாட்டுக் கட்டிப் பிழைத்த கதையை இரண்டு மணி நேரம் பேச வேண்டும் என்று போனில் கேட்டபோது, கேட்டவர் மேல் வள்ளென்று விழுந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தூங்காமல் எவன் வருவான் என்றேன். அழைத்தவர் ஓர் ஆசிரியை, பொறுமைசாலி. "சார், அந்த ஒரு வரி எப்படி வந்துச்சுன்னு நீங்க சொல்றதைக் கேக்கவே ஆளுங்க வருவாங்க" என்றார். என் கோபத்துக்குக் காரணமே அந்த வரிதான். அதைப் பற்றிப் பதினெட்டு வருடமாக நான் பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய் என்று தெரிந்த ஒரே ஆள் என்று நான் நினைத்திருந்தவன், அன்றைக்கு மேடையில் எனக்குப் பக்கத்தில் உட்காரப் போகிறான்.

எங்கள் வேலை நடக்கும் விதத்தைச் சொன்னால்தான் இது புரியும். எங்களுக்கு மெட்டு முதலில் வரும், வார்த்தை பிறகு வரும். நண்பனுடையது தமிழ் முஸ்லிம் குடும்பம். ஈப்போவில் அவன் தாத்தா காலத்திலிருந்து சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார்கள். கடைக்கு மேலே மாடியில், அரிசி மூட்டைகளுக்கு நடுவில் ஒரு கீபோர்டு. அங்கே உட்கார்ந்து அவன் "தான தானன்னா" என்று மெட்டைப் பாடுவான். வெறும் தானன்னாவைக் கொடுத்தால் பாடுகிறவருக்கு எங்கே மூச்சு விடுவது, எங்கே அழுத்துவது என்று தெரியாது. அதனால் அளவுக்குப் பொருந்துகிற எதையாவது நான் சட்டென்று போட்டுக் கொடுப்பேன். அதற்கு டம்மி வரி என்று பெயர். அர்த்தம் கிடையாது, அளவு மட்டும் சரியாக இருந்தால் போதும். பிறகு நிதானமாக நல்ல வரி எழுதித் தருவேன், டம்மி குப்பைக்குப் போய்விடும். கேட்டவர்களையெல்லாம் அழவைத்த என் பாட்டு ஒன்றின் டம்மி முழுக்க ரொட்டி சானாயும் மீன் கறியும்தான். கடைச் சுவரில் மாட்டியிருந்த விலைப் பட்டியலைப் பார்த்து எழுதியது.

பதினெட்டு வருடத்துக்கு முந்தைய அந்தச் சாயங்காலம் மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு காதல் பாட்டு. பல்லவி அமைந்துவிட்டது, முதல் சரணம் அமைந்துவிட்டது. இரண்டாம் சரணத்தின் கடைசி வரி மட்டும் வருவேனா என்றது. "தான தானன்னா தா தனனா தா" என்று நண்பன் நாற்பது தடவையாவது பாடியிருப்பான். அப்போது என் மனைவி போன் செய்தாள். என்னிடம் அந்தக் காலத்தில் மோட்டார் சைக்கிள்தான், மழை ரோட்டில் வழுக்கிவிடும் என்று அவளுக்குப் பயம். "சோறு ஆறுனா ஆறட்டும், நீங்க மெதுவா வாங்க" என்றாள். மேற்கொண்டும் என்னவோ சொன்னாள். என் காதுக்குள் மெட்டு ஓடிக்கொண்டிருந்தது. சரி சரி என்று போனை வைத்துவிட்டு, "போட்டுக்க மச்சான். சோறு ஆறட்டும் நீ மெதுவா வா" என்றேன். அவன் சிரித்துக்கொண்டே அதைப் பாடி, மாதிரியாகப் பதிவு செய்துகொண்டான்.

பாட்டைப் பாடவிருந்த பாடகிக்கு ஒரே ஒரு நாள்தான் நேரம் இருந்தது. நண்பன் மறுநாள் விடிந்ததும் கோலாலம்பூருக்குப் பஸ் ஏறினான். பதினோரு மணிக்குள் நல்ல வரியை அனுப்பிவிடுகிறேன் என்று அவனுக்குச் சத்தியம் செய்திருந்தேன். பன்னிரண்டரைக்குத்தான் எஸ்எம்எஸ் அனுப்ப முடிந்தது. சாயங்காலம் அவன் கூப்பிட்டான். "மச்சான், மெசேஜ் லேட்டா வந்துச்சு. அதுக்குள்ள பாடி முடிச்சிட்டாங்க. இனிமே மாத்த முடியாது லா" என்றான். காதல் பாட்டில் சோறு. ஊரே கைகொட்டிச் சிரிக்கப் போகிறது. யாரையாவது திட்டலாம் என்றால் தாமதம் என்னுடையது. அன்றைக்கு வீட்டில் இருந்த பாத்திரங்களைத் திட்டினேன்.

ஊர் சிரிக்கவில்லை. அந்த வரியைப் பிடித்துக்கொண்டது. கல்யாண மண்டபங்களில் பாடினார்கள், கல்யாணக் கார்டில் அச்சடித்தார்கள், லோரிகளின் பின்னால் எழுதினார்கள். அதற்கு முன்னும் பின்னும் நான் எத்தனையோ பாட்டு எழுதியிருக்கிறேன், உயிரைக் கொடுத்து எழுதியவையும் உண்டு. என்னைத் தெருவில் பார்க்கிறவர்கள் கேட்பதெல்லாம் இந்த ஒன்றைத்தான். முதன்முதலில் ரேடியோவில் பேட்டி எடுத்தபோது, இந்த வரி எப்படித் தோன்றியது என்று கேட்டார்கள். டம்மி என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன். ரப்பர்த் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவன் நான், அப்பா பால்மரம் வெட்டிப் பால் இறக்கிவிட்டு வெகுநேரம் கழித்துத்தான் வருவார், அம்மா வாசலில் சோற்றோடு காத்திருப்பார், அந்தக் காட்சியே இந்த வரி என்றேன். பேட்டி எடுத்தவர் மூக்கை உறிஞ்சினார். உண்மையில் என் அப்பா தோட்டத்து ஆபீஸில் கிராணி. பேனாவைத் தவிர வேறெதையும் பிடித்ததில்லை. மத்தியானம் மணி பன்னிரண்டரை ஆனால் சைக்கிளில் வீட்டுக்கு வந்துவிடுவார். எங்கள் வீட்டில் சோறு ஆறியதாகச் சரித்திரமே இல்லை.

ஒரு தடவை சொன்னதை மறு தடவை மாற்ற முடியவில்லை. அந்தத் தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயத்தை இடித்துத் தள்ளிய பிறகும் என் கதையில் அம்மா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். என் மனைவி எல்லாப் பேட்டிகளையும் கேட்டிருக்கிறாள். ஒரு வார்த்தை சொன்னதில்லை. மழை நாளில் போனில் பேசியதை யார் ஞாபகம் வைத்திருப்பார்கள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். நண்பனும், அந்த வரியைப் பற்றிப் பேச்சு வந்தால் வேறு பேச்சுக்கு நழுவிவிடுவான். என் மானத்தைக் காப்பாற்றுகிறான் என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் மைக்கைக் கையில் கொடுத்தால் அவன் வேறு ஆள். சபை சிரித்துவிட்டால் போதும், பெற்ற பிள்ளையைக்கூட விட்டுக்கொடுத்துவிடுவான். அவன் ஒரு வார்த்தை உளறினால் என் ஒரே வரியும் போய்விடும், பொய்யன் என்ற பெயரும் வந்துவிடும். நிகழ்ச்சிக்கு முந்தைய ஒரு வாரம் எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

நூறு பேர் வருவார்கள் என்று நினைத்த இடத்தில் மண்டபம் நிறைந்திருந்தது. மனைவி மூன்றாவது வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நண்பன் எடுத்த எடுப்பிலேயே ஆரம்பித்தான். "இவருக்கு வீடு தஞ்சோங் ரம்புத்தான்ல. கேட்டுக்கு உள்ளயா வெளியயான்னு மட்டும் கேக்காதீங்க" என்றான். அங்கே மனநல மருத்துவமனை இருப்பதால் ஈப்போவில் இது அரதப்பழசான கிண்டல். சபை சிரித்தது. நான் அவன் கையிலிருந்த மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் ஒரு மணி நேரம் தொழில் பேச்சாகப் போனது. அவன் தேத்தண்ணிக் கிளாஸில் தட்டித் தட்டித் தாளம் கண்டுபிடிப்பதை ஒரு கிளாஸை வைத்துக்கொண்டு செய்து காட்டினான். பெரிய நடிகர் படத்துக்குப் போட்ட மெட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றும், அதையே தாளம் மாற்றிக் கல்யாணப் பாட்டாக்கினேன் என்றும் சொன்னான். நான், வாய்விட்டுப் பாடிப் பார்க்காத வார்த்தையைக் காகிதத்தில் வைக்கமாட்டேன் என்றேன். ஒவ்வொரு சொல்லையும் பத்து தடவை நிறுத்துப் பார்த்துத்தான் போடுவேன் என்றும் சொன்னேன். மூன்றாவது வரிசையில் மனைவி கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள். நண்பன் தண்ணீர் குடித்தான்.

பிறகு சபையிலிருந்து கேள்விகள். நாற்பது வயது இருக்கும் ஒரு பெண் எழுந்து மைக்கை வாங்கினார். "சார், நாங்க சித்தியவான்லேர்ந்து வாரோம். எங்க வீட்டுக்காரரு மீன் லோரி ஓட்றாரு. அவரு கெளம்புறப்பல்லாம் உங்க வரியத்தான் சொல்லி அனுப்புவேன். சோறு ஆறட்டும், நீ மெதுவா வான்னு. போன மழைக்குத் தாப்பா டவுன்கிட்ட முன்னால போன லோரி கவுந்திருச்சு. இவரு மெதுவா போனதால பிரேக் போட்டு நிறுத்திட்டாரு. வீட்டுக்கு வந்து கையப் பிடிச்சிக்கிட்டு அழுதாரு" என்றார். பக்கத்தில் இருந்த கனத்த மனிதர் தலையைக் குனிந்துகொண்டார். "உங்க அம்மா கதைய ரேடியோல கேட்டிருக்கேன். இன்னிக்கு உங்க வாயால நேர்ல கேக்கணும்னு வந்தோம்."

என் கதையில் வருகிற அம்மா வாசலில் தயாராக நின்றார். சொல்லியிருந்தால் கைதட்டல் வந்திருக்கும். அந்த மனிதரின் குனிந்த தலையைப் பார்த்துக்கொண்டு என்னால் அந்தப் பொய்யைச் சொல்ல முடியவில்லை. நண்பன் உளறுவானோ என்று பயந்த பயமெல்லாம் போய், நானே சொல்லித் தொலைத்துவிட்டால் என்ன என்று இருந்தது.

"இல்லம்மா, அது பொய்" என்றேன். "எங்கப்பா மரம் வெட்டல. கிராணி வேலை. அந்த வரி நான் எழுதினதே இல்ல. மழைக்கு என் வீட்டுக்காரி போன்ல சொன்னா, சோறு ஆறுனா ஆறட்டும், மெதுவா வாங்கன்னு. டம்மிக்குப் போட்டுவெச்சேன். நல்ல வரி அனுப்ப லேட்டாயிருச்சு, டம்மியவே பாடிட்டாங்க. வெட்கப்பட்டுக்கிட்டு இத்தனை வருஷமா கதை விட்டேன். மன்னிச்சிருங்க."

மூன்றாவது வரிசைப் பக்கம் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அந்தப் பெண் கொஞ்சம் யோசித்தார். "அப்ப ஒரு வீட்டுல பொண்டாட்டி சொன்னதுதானா" என்றார். "ஆமா" என்றேன். "அது போதும் சார். நானும் வீட்டுலதான் சொல்றேன்" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார். எனக்கு முதுகிலிருந்து மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் நண்பன் மைக்கை எடுத்தான். சபையைப் பார்க்காமல் என் பக்கம் திரும்பினான்.

"மச்சான், லேட்டு இல்ல. உன் மெசேஜ் வந்தப்ப பாட வந்த பொண்ணு இன்னும் மைக்கு முன்னால நிக்கவே இல்ல" என்றான். "நாந்தான் மாத்தல. உன்கிட்டச் சொன்னா நீ கடைய உடைச்சிருவே. அதான் லேட்டுன்னு சொல்லிட்டேன். அன்னிலேர்ந்து எப்ப தெரியுமோ எப்ப தெரியுமோன்னு பயந்துகிட்டே இருக்கேன்."

கோபம் ஜிவ்வென்று ஏறியது. பதினெட்டு வருடம். என் வரியை என்னைக் கேட்காமல் தூக்கிப் போட்டிருக்கிறான். "என் வரிக்கு என்னடா குறை" என்று மைக்கிலேயே கேட்டுவிட்டேன். அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தான். பழைய போனில் இருந்த என் எஸ்எம்எஸ்ஸைப் பார்த்து எழுதி வைத்துக்கொண்டது. பாட்டின் கடைசி இரண்டு வரிகளைப் பாடி, சோறு வர வேண்டிய இடத்தில், "கானல் வானத்தில் ஓர் நிலவே வா" என்று முடித்தான்.

அளவு கச்சிதமாகப் பொருந்தியது. சித்தியவான் லோரிக்காரர் குபீரென்று சிரித்தார். அதோடு மண்டபமே சிரித்தது. நண்பன் என்னைப் பார்த்து, "கானல் வானம்னா என்னா மச்சான்?" என்று கேட்டான். யோசித்தேன். அதற்கு அர்த்தம் எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. என் கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை, நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவன் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, அப்பாடா என்று பெருமூச்சு விட்டான். அதுவும் மைக்கில் கேட்டது.

வீட்டுக்குப் போகும் வழியில் காரில் மனைவி கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். சரி, இது சபையில் முடிகிற விஷயம் இல்லை என்று தெரிந்தது. கடைசியில் என்னாலேயே பொறுக்க முடியவில்லை. "உனக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

"இல்லாம? ரேடியோல பாட்டு வாறப்பல்லாம் எனக்கு அதான் ஞாபகம் வரும்" என்றாள். "ஆனா நீங்க பாதியத்தான் சொன்னீங்க. சோறு ஆறுனா ஆறட்டும், மெதுவா வாங்க, வாறப்ப முட்டை வாங்கிட்டு வாங்கன்னு சொன்னேன். நீங்க அந்த மெட்டையே முணுமுணுத்துக்கிட்டுக் கைய வீசிக்கிட்டு வந்தீங்க. மறுநா பிள்ளைக்கு முட்டை இல்லாமதான் சோறு கட்டிக் குடுத்தேன்."

மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

தஞ்சோங் ரம்புத்தானுக்குத் திரும்பும் முனையில் ஒரு மளிகைக் கடை இருக்கிறது. காரை ஓரமாக நிறுத்தி இறங்கிப் போய், முப்பது முட்டை உள்ள அட்டை ஒன்றை வாங்கிவந்து அவளிடம் நீட்டினேன். "ரெண்டு பேருக்கு இவ்வளவு முட்டையா" என்று திட்டிவிட்டு, கைப்பையைக் கீழே வைத்து, அட்டையை மடியில் வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மழை தூறத் தொடங்கியிருந்தது. நான் மெதுவாக ஓட்டினேன்.