எங்கே போகிறீர்கள் என்று கேட்காதவள்

நான் ஒரு மடையன். பலர் முன்னரே கண்டுபிடித்த விடயம் என்பதால் இதில் புதினம் இல்லை. உங்களுக்குத் தெரியாதது வேறொன்று. என் மனைவி சுகந்தியின் ரோட் டெஸ்டைக் கெடுத்தது வெள்ளம் அல்ல, நான்தான்.

ஒரு வருடமாகப் பழியை வெள்ளத்தின் தலையில் போட்டு வைத்திருந்தேன். வெள்ளம் மறுத்துப் பேசாது என்ற துணிவு!

சுகந்திக்குப் பக்கத்து நகரமான அஜக்ஸில் ஒரு பேக்கரியில் வேலை சரிவந்திருந்தது. அதிகாலை சிஃப்ட். நாங்கள் இருக்கும் மல்வேர்னிலிருந்து அந்த நேரத்துக்கு பஸ் கிடையாது. லைசென்ஸ் இருந்தால் வேலை, இல்லையென்றால் இல்லை. இரண்டு முறை தவறிய டெஸ்ட் மூன்றாவது முறையாக, வெள்ளம் வந்த அன்று மத்தியானம் இருந்தது. அதற்காகவே நான் லீவு எடுத்திருந்தேன். காரை வீட்டில் நிறுத்தி வைப்பது மட்டும்தான் என் பங்கு.

அதைக்கூட என்னால் செய்ய முடியவில்லை. காலை சும்மாதானே கிடக்கிறது என்று தூண்டிலைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டேன்.

வாசலில் சுகந்தி நின்றாள். “போட்டு வாங்கோ” என்றாள். எங்கே என்று கேட்கவில்லை.

அவள் கேட்கமாட்டாள். கலியாணம் முடித்த புதிதில் ஒருநாள் மீன் பிடிக்கப் போய் வெறுங்கையோடு திரும்பியபோது, “வெளிக்கிடேக்கை எங்கை போறியள் எண்டு கேட்டால் மீன் படுமே?” என்று சீறியிருந்தேன். புறப்படுகிறவனை எங்கே என்று கேட்டால் போகிற காரியம் சரிவராது என்பது நம் ஆட்களிடம் உள்ள நம்பிக்கைதான். ஆனால் எனக்கு அதில் கடுகளவும் நம்பிக்கையில்லை. மீன் பிடிக்கத் தெரியாதவனுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது... அவ்வளவுதான். அவளோ அன்றிலிருந்து கேட்பதையே விட்டுவிட்டாள்.

ரூஜ் ஆற்றைப் பார்த்ததும் புத்தியுள்ளவன் திரும்பியிருப்பான். பனி உருகி, மேலே மழையும் பெய்து, ஆறு பால்தேநீர் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. மரக்கிளைகள், பனிக்கட்டிகள், யாரோ ஒருவரின் பிளாஸ்டிக் கதிரை எல்லாம் என்னைக் கடந்து போயின. தூண்டிலின் வளையங்களில் நீர் உறைந்து நூல் சிக்கிக்கொண்டது. புழுவை எடுக்கப் போனால் எது புழு, எது என் விரல் என்று எனக்கே தெரியவில்லை.

மதிப்பான மீன்களைப் பிடிக்க அப்போது தடை. மிஞ்சியது சக்கர் மீன். அதற்கு வாய் கீழே பார்த்தபடி இருக்கும், மாமியாரிடம் பேச்சு வாங்கிய மருமகனைப் போல. அதை வீட்டுக்குக் கொண்டுபோனால் ஒருவரும் குசினிக்குள் விடமாட்டார்கள். சேற்று மணமாம். இதற்காகத்தான் நான் அந்தக் குளிரில் நின்றேன்!

சற்றுத் தள்ளி அந்தோனி அண்ணை நின்றார். மன்னார்க்காரர், ஆற்றங்கரையில் பழக்கமானவர்.

“தம்பி, தண்ணி ஏறுது. காரை மேட்டிலை விட்டிட்டு வாரும். இல்லாட்டி உம்மடை கார் குளிக்கப்போகுது.”

“ஓம் அண்ணை, இந்தா...”

அந்த நேரம் பார்த்துத் தூண்டில் நுனி தலையசைத்தது. நானும் அதற்குத் தலையசைத்தேன்.

“மீன் நாளைக்கும் வரும்” என்றபடி அவர் தன் காரை எடுக்கப் போய்விட்டார்.

வெள்ளத்தில் ஒரு சக்கர் மீனை இழுப்பது நனைந்த கம்பளியை இழுப்பது போல. இழுத்தேன், விட்டேன், மறுபடி இழுத்தேன். கடைசியில் முழங்கை நீளத்தில் ஒன்று கரைக்கு வந்து, வாயைக் குவித்து என்னைப் பார்த்தது. திருப்பி ஆற்றில் விட்டேன். நிமிர்ந்தபோது கார் தரிப்பிடம் ஆறாகியிருந்தது. காரின் கதவுவரை தண்ணீர். ஸ்டார்ட் பண்ணத் திறப்பைத் திருப்பினால் ஒரு முனகல்கூட இல்லை.

இதுவரை மடைமை. மடையனை நீங்கள் மன்னித்துவிடலாம்... இனி வருவதைக் கேளுங்கள்.

அந்தோனி அண்ணை திரும்பி வந்தார். “என்ரை காரைக் கொண்டுபோம். அவசரமெண்டால் இப்பவே எடும்” என்று திறப்பை நீட்டினார். நேரம் இருந்தது. சுகந்தி அந்தக் காரிலேயே டெஸ்ட் கொடுத்திருக்கலாம். ஆனால் வாங்கினால் எதற்கு என்று சொல்ல வேண்டுமே. பெண்சாதியின் டெஸ்ட் நாளில், அந்தக் காரையே ஆற்றில் நனைத்தவன் என்று இனி ஆற்றங்கரையெல்லாம் சிரிக்குமே...

“ஒரு அவசரமும் இல்லை அண்ணை” என்றேன்.

பிறகு சுகந்திக்குப் போன் எடுத்தேன். ரோட்டில் வெள்ளமாம், கார் அதில் நின்றுவிட்டதாம், பொலிஸ் மறித்துவிட்டதாம், வரமுடியாதாம். எந்த ரோட் என்றுகூட அவள் கேட்கவில்லை. “கவனமா வாங்கோ” என்றாள்.

அடுத்த டெஸ்ட் திகதி வருவதற்குள் பேக்கரியில் வேறொருவரை எடுத்துவிட்டார்கள். சுகந்தி இப்போதும் இரண்டு பஸ் மாறி மோர்னிங்சைடில் ஒரு களஞ்சியத்துக்குப் போகிறாள், பெட்டி அடுக்க. குளிர்நாளில் பஸ் தரிப்பில் நின்று கையை ஊதுகிறாளே, அந்தக் கை... விடுங்கள்.

போன கிழமை தாங்கமுடியாமல் எல்லாவற்றையும் சொன்னேன். சக்கர் மீன், அந்தோனி அண்ணையின் திறப்பு, இல்லாத பொலிஸ், ஒன்றும் விடவில்லை. அவள் கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் பாதிப் பாரம் இறங்கியிருக்கும். அவள் திட்டவில்லை. கடைசியில் எனக்குத்தான் எரிச்சல் வந்தது. வெட்கம்கெட்டவனுக்கு அதுதானே வரும்.

“தூண்டிலோடை வெளிக்கிட்டதைக் கண்டனீர்தானே? எங்கை போறியள் எண்டு ஒரு சொல்லு கேட்டிருந்தால் நான் நிண்டிருப்பன். ஏன் கேக்கேல்லை?”

“கேட்டால் மீன் படாதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்.”