சீசன் முடிந்ததும் மூடிய வரி

கீழப்பாவூரில் 1981-இல் பிறந்த அனுசியாவுக்குப் பதினெட்டு ஆண்டுகளாக ஒரே வேலை. தென்காசியிலிருந்து பஸ் ஏறிப் போய், மற்றவர்கள் வாங்கிப் போட்ட கம்ப்யூட்டர்களை ஓடவைக்க வேண்டும். குற்றாலத்தில் மூன்று விடுதிகள் அவள் பொறுப்பு. அதில் ஒன்று 2025 ஜூன் 14, சனிக்கிழமை கைநழுவப் பார்த்தது.

அறைப் பதிவுக்குப் புது மென்பொருள் வந்திருந்தது. அதை நிறுவ, விடுதிக் கணக்குகளைச் சேமிக்கும் தரவுதளத்தோடு அது இணைய உதவும் டெவலப்மென்ட் கோப்புகள் வேண்டும். அந்தக் கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸில் இவற்றை இணையக் கிடங்குகளிலிருந்து இறக்குவார்கள். காலை பத்தேகாலுக்கு உட்கார்ந்தவள் பன்னிரண்டரைக்கும் எழவில்லை.

மேனேஜர் நாறும்பூநாதன் நான்காம் முறை எட்டிப் பார்த்தார்.

"நாலு மணிக்கு பஸ் வருது தாயி. நாப்பத்திரெண்டு பேரு. அருவியிலகூட தண்ணி வந்துட்டு, ஒம் பெட்டியில ஒண்ணும் வரமாட்டேங்குதே!"

"செத்த பொறுங்க அண்ணாச்சி."

"பொறுத்தாச்சு. நாலுக்குள்ள ஓடலன்னா ஆலங்குளத்துக் கம்ப்யூட்டர் பையன வரச்சொல்லிருவேன். அப்புறம் என்னையக் குத்தம் சொல்லாத."

அவள் மறுபடி திரைக்குத் திரும்பினாள். இடுப்பு வலித்தது.

லினக்ஸின் சொந்தக் கிடங்கில் இருந்தவை பதினான்காம் பதிப்புக் கோப்புகள். கம்ப்யூட்டரில் ஓடியதோ பதினாறாம் பதிப்புத் தரவுதளம். ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. வற்புறுத்தினால், 'தரவுதளம் உட்பட ஒன்பது தொகுப்புகள் நீக்கப்படும், சம்மதமா?' என்று கேட்டது. பட்டியலைக் கடைசி வரை படித்து, மூன்று முறை கேட்டபோதும் வேண்டாம் என்றாள்.

அப்படியானால் அந்தப் பதினாறு எங்கிருந்து வந்தது? நிறுவல் பதிவைத் திறந்தாள். 2024 ஜூன் 21. தரவுதளத்தைத் தயாரிப்பவர்களின் தனிக் கிடங்கிலிருந்து, சீசன் நெருக்கடியில் அவளே இறக்கியது. கிடங்குகளின் பட்டியலில் அந்த வரி இன்னும் இருந்தது. ஆனால் முன்னால் ஒரு '#' குறி. அந்தக் குறி இருந்தால் லினக்ஸ் அந்த வரியைக் கண்டுகொள்ளாது.

அதைப் போட்டதும் அவளேதான். போன செப்டம்பர் முப்பதாம் தேதி வாசல் பந்தலைப் பிரித்தார்கள், கூடுதல் பல்புகளைக் கழற்றினார்கள், மெத்தைகளை மாடிக்கு ஏற்றினார்கள். அந்த வேகத்தில், சீசனுக்காகச் சேர்த்த வரிதானே என்று அதையும் மூடிவிட்டாள். கிடங்கு என்ற கடையைப் பிரித்தாயிற்று, அங்கே வாங்கிய சாமான் மட்டும் வீட்டில் இருந்தது. அதற்குப் பொருத்தமான உதிரியை இவ்வளவு நேரம் வேறு கடையில் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

குறியை அழித்துப் பட்டியலைப் புதுப்பித்தாள். பதினாறாம் பதிப்புக் கோப்புகள் சத்தமில்லாமல் இறங்கின. 3.10-க்கு மென்பொருள் ஓடியது. 3.50-க்கு பஸ் வந்தது. நாற்பத்திரண்டு பேருக்கும் அறை பதிவானது.

"முடிஞ்சிட்டா? ஒரு எழுத்த அழிச்ச மாதிரில்லா இருந்துச்சு!"

"ஆமா அண்ணாச்சி, ஒரு எழுத்துதான்."

"அதுக்கா இம்புட்டு நேரம்? சரி, திங்கக்கிழமையும் நீயே வந்து ஒரு எட்டு பாத்துட்டுப் போ."

'சீசன் முடிந்தாலும் இந்த வரியை மூடக் கூடாது' என்று ஒரு சீட்டில் தேதியோடு எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டினாள். ஒட்டும்போதுதான் நினைவு வந்தது: மற்ற இரண்டு விடுதிகளிலும் அதே நாளில் அதே வரியை மூடியிருக்கிறாள்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அடுத்த விடுதிக்கு நடந்தாள்.